பார்சல் ஆபீஸ் சந்து

பார்சல் ஆபீஸ் சந்தில் பார்சல் ஆபீஸ் கிடையாது.
வர்க்கி போடுகிற பேக்கரி, செல்போன் கவர் கடை,
மூன்று ஹோம்ஸ்டே, ஒரு பல் டாக்டர்.
எதற்கு அந்தப் பேர் என்று
குன்னூரில் யாரைக் கேட்டாலும்
அது அப்படித்தான் என்பார்கள்.
போன மாசம் பச்சைப் பலகை வந்தது:
வார்டு பதினேழு, மூன்றாம் குறுக்கு.
அதற்குப் பிறகும் பார்சலாபீஸ் என்றால்தான்
ஆட்டோக்காரர் கியர் போடுகிறார்.

சந்து முக்கில் ஒரு கம்பம்.
கரண்ட் கம்பம் என்றால் கம்பி இல்லை.
தேர்தலுக்குத் தேர்தல் ஒரு கட்சி நிறம் ஏறும்,
இடுப்பு உயரத்தில் மட்டும்
எந்தக் கட்சியும் நிற்காது.
அங்கே இரும்பு பளபளவென்று இருக்கும்,
ராத்திரி காட்டெருமை வந்து கழுத்தைத் தேய்ப்பதால்.

சாக்கடைக்கு இடைஞ்சல் என்று
காண்ட்ராக்டர் போஜன்
என்னையும் காஸ் கட்டரையும் வரச்சொன்னார்.

மழை இல்லை, மழை மாதிரி ஒன்று.
சகாயம் சிலிண்டரை உருட்டிவந்தான்.
வெட்டுமுன் பெயிண்டைச் சுரண்டிவிடுவேன்,
எரிந்தால் தொண்டை கமறும்.
மஞ்சள், பச்சை, என்னவென்று தெரியாத ஒரு நீலம்,
கடைசியில் தார்.
தாருக்குக் கீழே இரும்பின் விலாவில்
புடைத்த எழுத்துகள்,
கண் தெரியாதவர் தடவிப் படிக்கலாம்.
ஏதோ கம்பெனி பேர், பாதி தேய்ந்தது.
பிறகு 1907.

தண்டவாளம்.
நட்டுக்குத்தலாக நின்றதால்
இத்தனை வருஷம் யாருக்கும் தெரியவில்லை.
படுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

அப்புறம் ஊரே வேறு மாதிரி ஆகிவிட்டது.
ஜபருல்லா ஆட்டைத் தொங்கவிடும் உத்தரம்,
நடுநிலைப் பள்ளி மணி,
ஓடையின் மேல் சிமெண்ட் மூடியைத் தாங்கும் இரண்டு,
சர்ச்சுக்குப் பின்னால் வேலியில் வரிசையாகப் பதினொன்று.
பேக்கரியின் பின்சுவர் வளைந்து போகும்,
கட்டியவன் குடிகாரன் என்போம்.
அந்த வளைவில் எதுவோ திரும்பிப் போயிருக்கிறது.
எங்கே என்று
பத்தரைக்கு வருகிற ரயிலைக் கேட்க முடியாது,
கல்லாறிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவந்து
அதுவே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்.

ஹோம்ஸ்டே ஸ்ரீவத்சன் குடையோடு வந்தார்.
"அண்ணா, அந்த வருஷம் மட்டும் எனக்கு வேணும்.
ரிசப்ஷன்ல வைக்கணும்."
கவர்மெண்ட் இரும்பு என்றார் போஜன்.
மூவாயிரம் என்றதும்
கவர்மெண்ட் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

சகாயம் சாக்பீஸில் கோடு போட்டான்,
தூறலில் கோடு கரைந்து வழிந்தது.
சுடருக்குப் படிக்கத் தெரியாது.
மேலே விழுந்த துண்டில் 19,
கீழே 07.

ஆயிரத்தைந்நூறு கொடுத்து
19ஐத் தூக்கிக்கொண்டு போனார்,
சிசேரியன் முடிந்த பிள்ளையைப் போல
துண்டில் சுற்றி.
07 என் பட்டறையில் இருக்கிறது.
"நான் பொறந்த வருஷம்ணே"
என்கிறான் சகாயம்.
எந்த நூற்றாண்டு என்று
அந்த இரும்பு சொல்லப் போவதில்லை.
இருக்கட்டும், அவனுடையதாகவே.

அடிக்கட்டை மேல் தார் ஊற்றினார்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி சிசிடிவியில்:
ஒரு கொம்பு முனை உடைந்த பெரியது,
மூடுபனிக்குள்ளிருந்து நேராக முக்குக்கு வருகிறது.
கழுத்தைச் சாய்க்கிறது.
அங்கே ஒன்றுமில்லை.
அவ்வளவு பெரிய உடம்பு
ஒரு எட்டு தடுமாறுகிறது, பிறகு
நாம் மாடிப்படியில் கடைசிப் படி என்று நினைத்து
இல்லாத படியில் கால் வைப்போமே, அதே திகைப்பு.
கொஞ்ச நேரம் தெருவைப் பார்க்கிறது.
திரும்பி,
ஸ்ரீவத்சனின் புது கேட்டுக்குப் போகிறது.

காலையில் போன்.
கீல் இரண்டும் போய்விட்டது,
கேட் கும்பிடு போட்ட மாதிரி சாய்ந்து கிடந்தது.
பட்டறைக்குக் கொண்டுவந்து
07 மேல் வைத்துத் தட்டி நிமிர்த்தினேன். அறுநூறு.

"கேட்டுக்கு முன்னால ஒரு கம்பம் நடுங்க சார்,
அதுக்குத் தேய்க்க ஏதாவது வேணும்" என்றேன்.
"பழைய தண்டவாளம் எங்கயாவது கிடைக்குமா?" என்றார்.

பதினொன்று எண்ணி வைத்திருந்தேன்.
சொல்லவில்லை.